கே-மெலியானை இன்னும் வைத்திருக்கலாமா? ஒரு பழைய பிரவுசிங் சென்டர்காரனின் பதில்

சார், நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். கருங்கல் பக்கம் வீடு, ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டீர்கள். மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினிதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. அதில் பத்து வருடமாகக் கே-மெலியான் 75.1 என்ற பிரவுசரை வைத்துத்தான் பேப்பர் படிக்கிறீர்கள், மெயில் பார்க்கிறீர்கள். இப்போது சில செய்தித் தளங்களில் படம் வருவதில்லை. பட்டன் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரிகிறது. முன்பு ஒழுங்காகத் திறந்த சில தளங்கள் 'இந்த இணைப்பை நம்ப முடியாது' என்கின்றன. வங்கித் தளம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆனால் இந்த மெஷினில் வேறு எந்த பிரவுசரும் இவ்வளவு சுறுசுறுப்பாக ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் "அதத் தூரப் போடுங்க சாரே, வைரஸ் கேறும்" என்கிறான். போட வேண்டுமா, வைத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கிறது: ஓடுமா, ஓடினால் பத்திரமா, புது மெஷின் வாங்காமல் வேறு வழி உண்டா. மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. உங்கள் குழப்பமும், அந்தப் பையனோடு வந்த தர்க்கமும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2003-ல் மார்த்தாண்டத்தில் எட்டு மெஷின் வைத்து பிரவுசிங் சென்டர் தொடங்கினேன். ஆள் ஆளுக்குக் கையில் போன் வந்தபிறகு அது சர்வீஸ் கடையாக மாறியது. புரோகிராம் எழுதுகிறவன் இல்லை. பிரவுசருக்குள் இருக்கும் நிரலை வரிவரியாகப் படித்தவனும் இல்லை. எது எங்கே நின்றுபோகிறது, ஏன் நிற்கிறது என்று இருபது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சுக்கு மதிப்பு. உங்கள் மெஷினை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே-மெலியான் எனக்கும் பழைய சிநேகிதன். தொடக்கத்தில் என் கடையில் இருந்தவை 128 எம்பி ராம் போட்ட செலரான் மெஷின்கள், விண்டோஸ் 98. பிளஸ் டூ ரிசல்ட் வரும் அன்று காலையில் கடை வாசலில் செருப்புப் போட இடம் இருக்காது. ரிசல்ட் தளம் நகரவே நகராது. மற்ற மெஷின்களில் நீல உருண்டை சுற்றிக்கொண்டிருக்க, ஓரத்து மெஷினில் கே-மெலியானைத் திறந்து படங்களை அணைத்துவிட்டுப் பதிவெண்ணைத் தட்டினால் மார்க் வந்து நிற்கும். "அண்ணே, அந்த மெஷின்ல பாருங்க" என்று பிள்ளைகள் கெஞ்சும். அந்த நன்றி எனக்கு இன்னும் உண்டு. ஆகவே கீழே நான் சொல்லப்போகும் கடுமையான விஷயங்களை அதன்மேல் வெறுப்பு உள்ளவன் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அது இலேசாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கே-மெலியான் 2000-ல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸ் பிறப்பதற்கும் முன்னால். பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின், ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கிய மொசில்லாவின் கெக்கோ. ஆனால் மெனு, ஜன்னல், பட்டன் எல்லாவற்றுக்கும் மொசில்லா தன் சொந்தக் கட்டுமானத்தை வைத்திருந்தபோது, கே-மெலியான்காரர்கள் விண்டோஸிலேயே இருப்பதை எடுத்துக்கொண்டார்கள். அடுப்பு மட்டும் மொசில்லாவுடையது, வீடு விண்டோஸுடையது. அதனால்தான் ஐகானைத் தட்டியதும் எழும்பி நிற்கிறது. 2011-ல் மொசில்லா, தன் எஞ்சினை மற்றவர்கள் இப்படித் தங்கள் மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்வதற்கு இருந்த ஆதரவை நிறுத்திக்கொண்டது. கே-மெலியானுக்குத் தடுமாற்றம் அங்கே தொடங்கியது. நீங்கள் வைத்திருக்கும் 75.1 வெளிவந்தது 2015-ல். அதற்குள் இருக்கும் கெக்கோ 31, ஃபயர்ஃபாக்ஸ் 31-ல் இருந்த அதே எஞ்சின். அது 2014 ஜூலைச் சரக்கு. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொல்லைகள் அத்தனைக்கும் விடை அதில் இருக்கிறது.

படம் வராத கதையைப் பாருங்கள். இப்போது பல செய்தித் தளங்கள் படங்களை வெப்-பி என்ற வடிவத்தில் வைக்கின்றன, ஜேபெக்கைவிடச் சின்னது. ஃபயர்ஃபாக்ஸே அதைப் படிக்கக் கற்றுக்கொண்டது 65-ஆம் பதிப்பில், 2019 ஜனவரியில். 2014 எஞ்சினுக்கு அது தெரியாத மொழி. பட்டன் இடத்தில் கட்டம் தெரிவதும் அதே மாதிரிதான். அந்தச் சின்னச் சின்னக் குறிகள் உண்மையில் படங்கள் அல்ல, எழுத்துருவாக அனுப்பப்படுபவை. அந்த எழுத்துருவை வாஃப்-2 என்ற வடிவத்தில் மட்டும் அனுப்பினால் கெக்கோ 31-க்கு அதைப் பிரிக்கத் தெரியாது; ஃபயர்ஃபாக்ஸ் 39-லிருந்துதான் அது வழக்கமானது. தமிழ் எழுத்துக்கு இதனால் நஷ்டமில்லை. தளம் அனுப்பும் அலங்கார எழுத்துரு போய், விண்டோஸில் இருக்கும் லதா வந்து நிற்கும். படிக்க அதுவே எனக்கு நிம்மதி என்பது வேறு விஷயம். சில பக்கங்கள் ஒரே நெடுந்தூணாகக் கீழே இறங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டம் கட்டமாகப் பிரித்து அடுக்கும் கிரிட் என்ற முறை பிரவுசர்களுக்குள் வந்தது 2017-ல். உங்களுடையது அதற்கும் முந்தியது.

இதுவரை சொன்னதெல்லாம் பார்வைக் குறைகள். பொறுத்துக்கொள்ளலாம். பக்கம் முழுவதும் வெள்ளையாக நிற்கிறதே, அது வேறு. பக்கத்தை இயக்கும் நிரலை எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2015-ல் பெரிய திருத்தம் வந்தது. பிறகு ஆண்டுதோறும் ஏதாவது சேர்க்கிறார்கள். பழைய எஞ்சினுக்குத் தெரியாத ஒரே ஒரு குறி அந்த நிரலில் எங்காவது இருந்தால் போதும், அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஓட்டாது. நிரல் கோப்பையே முழுதாக ஒதுக்கிவிடும். கடிதத்தில் ஒரு சொல் புரியவில்லை என்று கடிதத்தையே கிழித்துப் போடுகிற மாதிரி. அந்த நிரலை நம்பித்தான் பக்கமே வரையப்படுகிறது என்றால் உங்களுக்குக் கிடைப்பது வெள்ளைத் தாள். உங்கள் நெட்டின் வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிரவுசரின் பெயரை மாற்றிக் காட்டும் தந்திரம் கே-மெலியானில் உண்டு. ஒரு தளம் பெயரை மட்டும் பார்த்து விரட்டுகிறது என்றால் அது பலிக்கும். மொழியே தெரியாத இடத்தில் பெயரை மாற்றி என்ன செய்வது?

இனி 'இந்த இணைப்பை நம்ப முடியாது' என்ற எச்சரிக்கை. இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து இங்கேதான் சத்தமில்லாமல் உள்ளே வருகிறது. பூட்டுப் படம் போட்ட தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதைக் கொடுத்தவர் நம்பத்தக்கவரா என்று சரிபார்க்க பிரவுசருக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பைத்தான் எண்ணற்ற தளங்கள் பயன்படுத்துகின்றன. அது புதிதாக வந்தபோது அதன் சொந்தப் பெயர் யாருடைய பட்டியலிலும் இல்லாததால், வேறொரு பழைய மூலச் சான்றிதழின் ஜாமீனில் நின்றது. அந்த ஜாமீன் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. புதிய பிரவுசர்களின் பட்டியலில் அதற்குள் லெட்ஸ் என்கிரிப்டின் பெயரே ஏறிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2016-லேயே ஏறியாயிற்று. 2014 எஞ்சினின் பட்டியலில் அது இல்லை. நேற்றுவரை திறந்த தளம் ஒரு நாள் காலையில் உங்களைப் பார்த்து முறைத்தது இதனால்தான். தளத்தின்மேல் பிழை இல்லை, உங்கள்மேலும் இல்லை.

சரி, பிழை யார்மேலும் இல்லை என்றால் 'பரவாயில்லை, திற' என்று தட்டிவிட்டால் போகிறது என்று தோன்றும். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பத்துத் தளத்துக்குத் தட்டிப் பழகிய விரல் பதினோராவதுக்கும் யோசிக்காது. அந்தப் பதினோராவது உண்மையிலேயே போலியாக இருந்தால் அன்றைக்கும் வருவது இதே எச்சரிக்கைதான், இதே வாசகம்தான். குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மெஷின் கொண்டுவந்தார். இப்படித் தட்டித் தட்டி அவர் விதிவிலக்காகச் சேர்த்து வைத்திருந்த தளங்களின் பட்டியலைத் திறந்தால் முப்பதுக்கு மேல் இருந்தது. "இது என்னன்னு தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அந்த மஞ்சப் படம் வரும்லா, அமுக்கினா போயிரும்" என்றார். காவல்காரனைத் தினமும் கும்பிட்டு அனுப்பிவிட்டு உள்ளே தூங்குகிற நிலைமை அது.

பாதுகாப்பைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும், ஊகமாக மட்டும் தெரிந்ததையும் பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது இது: மொசில்லா தன் பிரவுசரில் ஓட்டை கண்டுபிடித்து அடைக்கும்போதெல்லாம், எங்கே ஓட்டை இருந்தது என்று பின்னால் ஊரறிய எழுதி வைக்கிறது. 2014-க்குப் பிறகு எழுதிய அந்தக் குறிப்புகளில் பல, அதே எஞ்சினின் பழைய பிரதியை வைத்திருப்பவர்களின் வீட்டுக்கு வழி காட்டும் படம். அவர்கள் வீட்டில் ஓட்டை அடைபடவில்லை. போதாக்குறைக்கு, விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பொதுவாகத் திருத்தம் கொடுப்பதை 2020 ஜனவரி 14 அன்று நிறுத்திவிட்டது. ஆக பிரவுசரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கதவும் பழசு, சுவரும் பழசு.

ஊகமானது: கே-மெலியான் வைத்திருக்கும் கொஞ்சம் பேரைத் தேடி எவன் வலை விரிப்பான்? இந்த வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். பாதி உண்மை உண்டு. பெரிய கூட்டம் இருக்கும் இடத்தில்தான் திருடனும் நிற்பான். 2023 செப்டம்பரில் வெப்-பி படங்களைப் படிக்கும் நிரலிலேயே பெரிய ஓட்டை வெளிப்பட்டு, குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அவசரம் அவசரமாக அடைத்தன. ஒரு படத்தைப் பார்த்தாலே போதும் என்ற அளவுக்கு மோசமான ஓட்டை. உங்கள் கே-மெலியானுக்கு அது ஒன்றும் செய்திருக்காது, ஏனென்றால் அதற்கு வெப்-பியே தெரியாது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் உண்மை. அதிர்ஷ்டத்தில் தப்பியது ஒரு வகை, ஒரு வாரத்துக்குள் அடைத்துத் தப்பியது இன்னொரு வகை. முதலாவதை நம்பிப் பாஸ்வேர்டு தட்ட நான் தயாரில்லை. நீங்களும் தட்டாதீர்கள். வங்கி, பென்ஷன், கரண்ட் பில், மெயில் எதுவும் அதில் வேண்டாம். மெயிலைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றும் சாவி மெயிலுக்குத்தான் வருகிறது.

இதை நான் பட்டும் தெரிந்துகொண்டேன். சில வருடத்துக்கு முன் இரணியல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா மகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வந்தார்கள். கடைசி நாள், சாயங்காலம், நல்ல மழை. நல்ல மெஷின்களில் ஆள் இருந்ததால் ஓரத்து மெஷினில், அதே கே-மெலியானில் போட்டேன். படிவம் முழுவதும் ஏறியது. பணம் கட்டும் பக்கம்வரை போனது. அக்கா போனில் ஓடிபி வந்தது, தட்டினேன், பணம் பிடித்த எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது. திரும்பி வர வேண்டிய ரசீதுப் பக்கம் மட்டும் வெள்ளையாக நின்றது. "என்ன தம்பி, ஒண்ணும் வரல்லியே?" நான் திரையைப் பார்க்கிறேன், அக்கா என்னைப் பார்க்கிறார்கள். மறுபடி வேறு மெஷினில் முழுவதும் நிரப்பி, என் கையிலிருந்து பணம் கட்டி, ராத்திரி கடை அடைப்பதற்கு முன் ரசீது எடுத்துக் கொடுத்தேன். முதலில் பிடித்த பணம் அக்கா கணக்குக்குத் திரும்ப ஒன்பது நாள் ஆனது. பிழை என்னுடையது, அந்தத் தளத்தைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அரைகுறையாக ஓடும் பிரவுசர், ஓடாத பிரவுசரைவிடக் கேடு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஓடாதது முதல் படியிலேயே நிறுத்திவிடும். அரைகுறை நடு ஆற்றில் விட்டுவிடும்.

இப்போதைய பிரவுசர்கள் ஏன் இவ்வளவு ராமைத் தின்கின்றன என்பதற்கும் ஒரு வார்த்தை. வெறும் கொழுப்பு என்று எல்லாரும் திட்டுகிறோம், நானும் திட்டியிருக்கிறேன். கே-மெலியானில் எல்லா டேபும் ஒரே வேலைக்குள் ஓடுகின்றன. கல்யாண வீட்டில் ஒரே ஹாலில் பாய் விரித்துப் படுப்பது மாதிரி: இடம் மிச்சம், ஆனால் ஒரு பிள்ளை அழுதால் எல்லாரும் எழும்ப வேண்டும். ஒருத்தன் சட்டைப்பையில் இன்னொருத்தன் கை வைக்கவும் எளிது. குரோம் 2008-ல் வந்தபோதே டேபுகளைத் தனித்தனி வேலைகளாகப் பிரித்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2016-ல் அந்த வழிக்கு வந்தது. 2018-லிருந்து தளத்துக்குத் தளம் சுவர் எழுப்பிப் பிரிக்கத் தொடங்கினார்கள். நீங்கள் காணும் எடையில் ஒரு பங்கு அந்தச் சுவர்களின் எடை. மீதியில் பெரும்பங்கு விளம்பரமும் உங்களைப் பின்தொடரும் நிரல்களும். ஒரு செய்தியைப் படிக்க அந்தச் செய்தியைப்போலப் பல மடங்கு சாமானை இறக்குகிறார்கள். அந்தப் பாரம் பக்கத்துடையது. இதைப் பிரித்துப் பார்த்தால் வேறு வழி தெரியும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அப்படியானால் கே-மெலியானுக்கு வேலையே இல்லையா? உண்டு. படிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்பட்டையிலேயே ஜாவாஸ்கிரிப்டையும் படத்தையும் அணைக்கும் பட்டன்களைக் கொண்டுவரலாம். ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் ஓட்டைகளில் பெரும்பகுதிக்கு வழியும் அடைபடும், விளம்பரமும் போகும். தமிழ் விக்கிப்பீடியாவைப் படிக்க ஜாவாஸ்கிரிப்டே தேவையில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்கள் வெறும் எழுத்தாக இருப்பதால் எதில் வேண்டுமானாலும் விரியும். நீங்கள் ஆசிரியராக இருந்தவர், அந்தப் பக்கங்களுக்காக மட்டுமே ஒரு பிரவுசர் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. 75.1-க்குப் பதிலாக, கோவானா என்ற எஞ்சினைப் பொருத்தித் தன்னார்வலர் ஒருவர் தொகுத்து வெளியிடும் கே-மெலியான் ஒன்று உண்டு, விண்டோஸ் எக்ஸ்பியில்கூட ஓடும். அந்த எஞ்சின் கெக்கோவிலிருந்து பிரிந்து பேல் மூன் பிரவுசருக்காக வளர்ந்தது. மேலே சொன்ன தொல்லைகளில் சில அதில் தீரும். ஆனால் ஒரு மனிதரின் ஓய்வுநேர உழைப்பில் நிற்கும் பொருள் அது. மரியாதைக்குரியது, பணத்தை ஒப்படைக்கும் இடம் அல்ல.

இங்கே பையனிடம் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பழசு என்பதற்காக எதையும் தூரப் போட வேண்டியதில்லை. லின்க்ஸ் என்ற, வெறும் எழுத்தை மட்டும் காட்டும் பிரவுசர் 1992-ல் பிறந்தது, இன்றும் பராமரிக்கிறார்கள். டில்லோ 1999 டிசம்பரில் தொடங்கியது. 2015-ல் ஒரு பதிப்பு வந்ததோடு படுத்துவிட்டது, எல்லாரும் செத்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். 2024 மே மாதம் புதிய கைகள் அதை எழுப்பி 3.1 பதிப்பை வெளியிட்டன. நெட்சர்ஃப் 2002-லிருந்து சொந்த எஞ்சினோடு ஓடுகிறது. கேட்க வேண்டியது, 'இதை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள், கடைசியாக எப்போது ஓட்டை அடைத்தார்கள்' என்பதுதான். குளச்சலில் என் அப்பாவைவிட வயதான வள்ளங்கள் கடலுக்குப் போயிருக்கின்றன, வருடம்தோறும் கரையேற்றிப் பார்த்ததால்.

ஆனால் டில்லோவை உங்களுக்குச் சொல்லமாட்டேன். அதில் ஜாவாஸ்கிரிப்ட் கிடையவே கிடையாது. அது குறை அல்ல, அவர்கள் கொள்கை. தமிழ்தான் சிக்கல். அதன் எழுத்து வரையும் கட்டுமானத்துக்கு நம் கொம்பையும் காலையும் இடம் மாற்றி ஒட்டவைக்கத் தெரிவதில்லை. 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும் அல்லவா, அது தனித்து விலகி நிற்கும். ஒரு பத்தி படிப்பதற்குள் தலை வலிக்கும். நோக்கியா போன் காலத்தில் ஆப்பரா மினியில் இதே பாடு பட்டோம். முகவரி இடத்தில் ஆப்பரா கான்ஃபிக் என்று தட்டி, சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பு என்ற வரியில் 'ஆம்' போட்டால் தமிழ் வரும். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த எத்தனை பேருக்கு அதைச் செய்து கொடுத்திருப்பேன்! அந்த ஆப்பரா மினியும் இலேசுதான். ஆனால் பக்கத்தை நடுவில் அவர்கள் சர்வரில் பிரித்துச் சுருக்கித்தான் நமக்கு அனுப்பும், ஆகவே வங்கிக்கு அதுவும் ஆகாது.

இனி மூன்றாவது கேள்வி. பிரவுசரை மாற்றும் முன் மெஷினைத் திறந்து பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்று, வயல்காற்று, ரப்பர்த்தோட்ட ஈரம் எல்லாம் சேர்ந்து ஃபேனுக்குள் ஒரு கம்பளமே நெய்து வைத்திருக்கும். முட்டம், குளச்சல் பக்கத்திலிருந்து வரும் மெஷின்களில் ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை நழுவும். போர்டில் பச்சை பூத்திருக்கும். சூடு ஏறினால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'குரோம் ஸ்லோ' என்று வந்த மெஷின்களில் எத்தனையோ, தூசு தட்டி, ப்ராசசரின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்ததை வழித்துப் புதுசு தடவியதும் சரியாகிப் போனவை. உங்கள் காலத்து மெஷினில் ராம் கூட்டுவதற்கு அநேகமாக ஒரு இடம் காலியாக இருக்கும். 4 ஜிபி ஆக்குங்கள். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பான எஸ்எஸ்டி போட்டால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டி.

பிறகு விண்டோஸ் 7-லேயே இருக்க ஆசைப்பட்டால், அதில் ஓடும் கடைசி ஃபயர்ஃபாக்ஸ், 115-ன் நீள்காலத்துக்குத் திருத்தம் வரும் பதிப்பு. குரோம் 109-ஓடு நின்றுவிட்டது, அதைத் தேட வேண்டாம். மொசில்லா 115-க்குத் திருத்தம் தரும் கெடுவைப் பலமுறை தள்ளிப் போட்டது; நிறுவுகிற அன்று அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவர்கள் பக்கத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேருங்கள். பாரம் பக்கத்துடையது என்றேனே, அந்தப் பாரத்தை வாசலிலேயே இறக்கி வைப்பது இது. இலேசான பிரவுசரில் கனமான பக்கத்தைத் திறப்பதைவிட, கனமான பிரவுசரில் இலேசாக்கிய பக்கத்தைத் திறப்பது 2 ஜிபியிலும் நன்றாக ஓடுகிறது. இரண்டு மூன்று டேபுக்கு மேல் வைக்காமல் இருந்தால்.

என்னைக் கேட்டால், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸுக்குப் போய்விடுங்கள் என்பேன். விண்டோஸ் 7-ஐ வைத்துக்கொண்டு பிரவுசரை மட்டும் புதுசாக்குவது, செல்லரித்த நிலைச்சட்டத்தில் புதுக்கதவு மாட்டுவது போல. எல்எக்ஸ்க்யூடி போன்ற இலேசான முகப்போடு டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டால், அதில் வரும் ஃபயர்ஃபாக்ஸுக்குத் திருத்தம் தானாக வந்துகொண்டே இருக்கும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். முன்பே ஒன்றைச் சரிபாருங்கள்: கம்ப்யூட்டர் ஐகானில் வலது சொடுக்கிப் பண்புகளைப் பார்த்தால் 32 பிட்டா 64 பிட்டா என்று இருக்கும். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தாலும் ப்ராசசர் 64 பிட்டாக இருக்கலாம், அதன் மாடல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். ப்ராசசரே 32 பிட் என்றால் டெபியன் புதிய பதிப்பு வேண்டாம், 2025-ல் வந்த 13-லிருந்து அதற்கு நிறுவும் வசதி இல்லை; ஆன்டிஎக்ஸ் என்ற இன்னொரு லினக்ஸ் வகையைப் பாருங்கள். பணம் சம்பந்தப்பட்டது மட்டும் போனில், அதுவும் அப்டேட் இன்னும் வருகிற போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைச் செய்தாலும் முதலில் உங்கள் புக்மார்க்குகளைக் காப்பாற்றுங்கள். கே-மெலியான் அவற்றை ப்ரொஃபைல் ஃபோல்டருக்குள் புக்மார்க்ஸ் என்ற பெயரில் ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பாக வைத்திருக்கும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டால் ஃபயர்ஃபாக்ஸ் அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளும். சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள், புது பிரவுசர் வந்ததும் மெயிலில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். விதிவிலக்காகச் சேர்த்த தளங்களின் பட்டியலையும் ஒருமுறை திறந்து எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். அதை மட்டும் எனக்குப் பதிலில் எழுதினால் போதும், மீதியை அதற்குப் பிறகு பேசலாம்.